நடுவழியில் பஞ்சரா? சக்கரத்தை நீங்களே மாற்றலாம்

தை மாதம். அம்மாவை அழைத்துக்கொண்டு தீர்த்தமலைக்குப் போய்விட்டுத் தருமபுரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். அரூர் வருவதற்கு முன்பே பின்சக்கரம் பஞ்சர். கார் ஓட்டத் தொடங்கி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. டிக்கியிலிருந்து ஜாக்கியை ஒருமுறைகூட நான் வெளியே எடுத்ததில்லை. பின்னால் வந்த லாரியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி வந்த டிரைவர் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "ஸ்டெப்னியில காத்து எப்பம்மா பார்த்தீங்க?" பார்த்ததே இல்லை. கட்டைவிரலால் அழுத்தினால் அதுவும் உள்ளே போனது.

லாரியின் ஏர் டேங்கில் குழாய் மாட்டிக் காற்று பிடித்துக் கொடுத்தார். ஆனால் ஸ்பேனரை அவர் தொடவில்லை. "நான் சொல்றேன், நீங்களே கழட்டுங்க" என்றார். அம்மா புளியமரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, முக்கால் மணி நேரத்தில் மாற்றி முடித்தேன். அன்று கற்றதையும், பிறகு பஞ்சர் கடைக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். கார் ஓட்டும் பெண்களும், கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளும் முக்கியமாகப் படிக்க வேண்டும்.

1. முதல் தடவை வீட்டு வாசலில் செய்யுங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்கு முன், சமமான சிமெண்டுத் தரையில் காரை நிறுத்தி ஒரு சக்கரத்தைக் கழற்றி மறுபடி மாட்டிப் பாருங்கள். ஜாக்கி எங்கே இருக்கிறது, அதைத் திருப்பும் கம்பி எங்கே, வீல் ஸ்பேனர் எங்கே என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். சில கார்களில் டிக்கியின் விரிப்புக்கு அடியில், சிலவற்றில் டிரைவர் சீட்டுக்குக் கீழே, சிலவற்றில் டிக்கியின் பக்கவாட்டு மூடிக்குள் ஒளித்து வைத்திருப்பார்கள். பழைய கார் வாங்கியவர்களுக்கு இது இன்னும் அவசியம். முன்னால் வைத்திருந்தவர் ஜாக்கியை எடுத்து வைத்துக்கொண்டது, இருட்டில் வண்டி நின்ற பிறகுதான் தெரியவரும்.

அலாய் வீல் போட்ட கார்களில் திருட்டுப் போகாமல் இருக்க ஒரு நட்டு மட்டும் வேறு மாதிரி இருக்கலாம். அதைக் கழற்றத் தனியாக ஒரு சிறிய சாவித்துண்டு கொடுத்திருப்பார்கள். அது காரிலேயே இருக்க வேண்டும், வீட்டு அலமாரியில் அல்ல.

2. கடையில் முறுக்கிய நட்டு கையால் கழலுமா?

நிறையப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். டயர் கடைகளில் காற்றில் ஓடும் துப்பாக்கியால் 'டர்ர்' என்று நட்டை முறுக்கிவிடுகிறார்கள். காரோடு வரும் சிறிய ஸ்பேனரால் அதை அசைக்க முடியாது. எப்போது சக்கரத்தில் வேலை பார்த்தாலும், கடைசி இறுக்கத்தைக் கை ஸ்பேனரால் செய்யச் சொல்லிக் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும், வண்டி தரையில் நிற்கும்போதே, ஒவ்வொரு நட்டையும் கொஞ்சம் தளர்த்தி மறுபடி இறுக்கிப் பாருங்கள். உங்கள் கைக்குக் கழல்கிற நட்டுதான் உங்களுக்கு உதவும்.

ஸ்பேனரின் பிடியில் சொருகும்படி ஒன்றரை அடி இரும்புக் குழாய் ஒன்றை ஹார்டுவேர் கடையில் வெட்டி வாங்கி டிக்கியில் போட்டு வையுங்கள். பிடி நீளமானால் பாதி பலம் போதும். இந்தக் குழாய் கழற்றுவதற்கு மட்டும். இறுக்குவதற்குப் பயன்படுத்தினால் போல்ட்டின் மரை போய்விடும்.

3. ஸ்டெப்னிக்கும் காற்று வேண்டும்

மாதம் ஒருமுறை நான்கு சக்கரத்துக்குக் காற்று பிடிக்கும்போது ஐந்தாவதையும் கேளுங்கள். நாம் கேட்காவிட்டால் பங்க்கில் யாரும் டிக்கியைத் திறக்க மாட்டார்கள். மற்ற டயர்களுக்கு 32 பவுண்டு என்றால் ஸ்டெப்னிக்கு 35 வைக்கலாம். சும்மா கிடக்கையில் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். உங்கள் காருக்கு எத்தனை பவுண்டு என்பது டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் உள்பக்கத் தூணில் ஒட்டியிருக்கும்.

ஸ்டெப்னி மற்ற டயர்களைவிட ஒல்லியாக இருந்தால் அது தற்காலிகச் சக்கரம். அதன் காற்றளவு வேறு, சிலவற்றில் 60 பவுண்டு வரை இருக்கும். டயரின் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும், அதைத்தான் நம்ப வேண்டும்.

பெரிய வண்டிகள் சிலவற்றில் ஸ்டெப்னி பின்பக்கம் அடியில் சங்கிலியில் தொங்கும். நீளக் கம்பியை ஒரு ஓட்டையில் விட்டுச் சுற்றினால் இறங்கும். சேறும் தூசியும் படிந்து அந்தச் சங்கிலி துருப்பிடித்துக்கொள்ளும். வருடத்துக்கு இரண்டு தடவை இறக்கி ஏற்றிப் பார்ப்பது நல்லது. சிஎன்ஜி சிலிண்டர் பொருத்திய கார் என்றால், ஸ்டெப்னியை எங்கே மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

4. ஸ்டெப்னியே இல்லாத கார்கள்

2020-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தினார்கள். டியூப்லெஸ் டயரும், காற்று குறைந்தால் எச்சரிக்கும் கருவியும், பஞ்சர் அடைக்கும் பெட்டியும் இருந்தால் கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. அதனால் புதிய கார்கள் சிலவற்றில், குறிப்பாக எலெக்ட்ரிக் கார்களில், டிக்கியைத் திறந்தால் சக்கரத்துக்குப் பதிலாக ஒரு சிறிய காற்றுப் பம்பும், பசை திரவம் அடைத்த புட்டியும்தான் இருக்கும். டயர் தரையில் உருளும் பாகத்தில் ஆணி குத்திய சிறிய ஓட்டையை அந்தத் திரவம் அடைக்கும். பக்கவாட்டில் கிழிந்திருந்தால் பயன் இல்லை. புட்டிக்குக் காலாவதித் தேதி உண்டு.

பென்னாகரம், சித்தேரி, வத்தல்மலை என்று அடிக்கடி போகிறவர்கள் கார் வாங்கும்போதே ஸ்டெப்னி இருக்கிறதா என்று கேளுங்கள். மலைப்பாதையில் கூரான கல் பக்கவாட்டைக் கிழித்தால் புட்டி காப்பாற்றாது.

5. 'ஸ்டெப்னி' என்ற பெயர்

கேட்கும் பிள்ளைகளுக்காக இதையும் எழுதுகிறேன். வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904 வாக்கில் மாற்றுச் சக்கரம் செய்து விற்கத் தொடங்கினார்கள். அதுவரை கார்களுக்கு உபரிச் சக்கரம் என்பதே கிடையாது. பஞ்சர் ஆனால் தெருவோரம் உட்கார்ந்து ஒட்ட வேண்டியதுதான். தெருப் பெயர் சக்கரத்துக்கு வந்துவிட்டது. நம் ஊரில் அந்தப் பெயர் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

6. எங்கே நிறுத்துவது?

காற்று போனதும் பதற்றத்தில் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, வண்டியின் வேகம் தானாகக் குறைய விடுங்கள். நான்கு பக்க இண்டிகேட்டரையும் போட்டுவிட்டு இடப்பக்கம் ஒதுங்குங்கள்.

நம் மாவட்டத்தில் இடம் பார்த்து நிறுத்துவது பெரிய விஷயம். தேசிய நெடுஞ்சாலை 44-இல் தருமபுரியிலிருந்து சேலம் போகும் திசையில் தொப்பூர் கணவாய் முழுக்க இறக்கம். கட்டமேடு தொடங்கி இரட்டைப் பாலம் தாண்டும் வரை, பிரேக் பிடிக்காமல் வரும் லாரிகளால் எத்தனையோ விபத்துகள் நடந்திருக்கின்றன. 2024 ஜனவரியில் அங்கே லாரிகளும் கார்களும் மோதித் தீப்பிடித்ததில் நான்கு பேர் இறந்தார்கள். அந்த இறக்கத்தில் எந்தக் காரணத்துக்காகவும் வளைவிலோ பாலத்திலோ நின்று ஜாக்கி போடாதீர்கள். டயர் நைந்து போனாலும் பரவாயில்லை, ரிம் நசுங்கினாலும் பரவாயில்லை, மெதுவாக உருட்டிக்கொண்டே அகலமான ஓரம் வரும் வரை போய்விடுங்கள். டயருக்குச் சில ஆயிரம்தான்.

ஒகேனக்கல் போகும் காட்டுப் பாதையில் வேறு கவலை. யானை கடக்கும் பகுதி. பொழுது சாய்ந்த பிறகு அங்கே பஞ்சர் ஆனால், முடிந்தவரை ஊர் அல்லது சோதனைச் சாவடி வரை மெதுவாக நகர்த்திவிட்டு அங்கே மாற்றுவதே சரி.

அறுப்புக் காலத்தில் கிராமத்துச் சாலைகளில் கேழ்வரகுக் கதிரும் கொள்ளுச் செடியும் காயப்போட்டிருப்பார்கள். அந்தக் காய்ந்த தாள் மேல் மட்டும் காரை நிறுத்தக் கூடாது. ஓடி வந்த சைலன்ஸர் கொதிக்கும். கொள்ளுக் கொடி அடியில் சுற்றியிருந்தால் தீப்பிடிக்கும். ஜாக்கியும் தாளின் மேல் நிற்காது, வழுக்கும். நிறுத்தியதும் குனிந்து அடிப்பக்கத்தை ஒரு பார்வை பாருங்கள். கொடி சுற்றியிருந்தால், சூடு ஆறிய பிறகு அதை உருவிப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

7. வலப்பக்கச் சக்கரமா? யோசியுங்கள்

நெடுஞ்சாலையில் வலப்பக்கச் சக்கரத்தை மாற்றினால் உங்கள் முதுகு வண்டிகள் ஓடும் தடத்தில் இருக்கும். ஓரம் அகலமாக இல்லாவிட்டால் செய்யவே வேண்டாம். 1033-க்கு அழையுங்கள், தேசிய நெடுஞ்சாலைகளுக்கான உதவி எண். ஆபத்து என்று தோன்றினால் 112. காத்திருக்கும் நேரத்தில் குழந்தைகளும் பெரியவர்களும் காருக்குள் உட்காரக் கூடாது. காருக்கு முன்னாலும் பின்னாலும் நிற்கவும் கூடாது. இடப்பக்கத் தடுப்புக்கு அந்தப் பக்கம் தள்ளி நிற்கட்டும்.

சிவப்பு முக்கோணத்தைக் காரிலிருந்து ஐம்பது மீட்டராவது பின்னால் வையுங்கள். நெடுஞ்சாலை என்றால் இன்னும் தள்ளி. நடந்து போகும்போது எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி முக்கோணத்தை நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டே போங்கள். வளைவுக்கு அருகில் நின்றிருந்தால், வளைவுக்கு முன்பே தெரிகிற இடத்தில் அதை வைக்க வேண்டும்.

8. கை பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள்

அந்த லாரி அண்ணன் கழற்றச் சொல்வதற்கு முன் இரண்டு கல் பொறுக்கி வரச் சொன்னார். ஏன் என்று அப்போது புரியவில்லை. பெரும்பாலான கார்களில் கை பிரேக் பின்சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். பின்சக்கரம் ஒன்றைத் தூக்கிவிட்டால் தரையில் நிற்கும் மற்றொரு பின்சக்கரம் ஒன்றுதான் வண்டியைப் பிடித்திருக்கும். கொஞ்சம் சரிவு இருந்தால் போதும், ஜாக்கி சாய்ந்துவிடும்.

ஆகவே கை பிரேக்கை முழுதாக இழுங்கள். ஏற்றத்தைப் பார்த்து நின்றால் முதல் கியரும், இறக்கத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ் கியரும் போடுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கிங் நிலை. பிறகு, தூக்கப்போகும் சக்கரத்துக்கு மூலைக்கு மூலை எதிரே இருக்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் அண்டை கொடுங்கள். சாலையோரக் கல் உருண்டையாக இருந்தால் பிடிக்காது. ஆப்பு மாதிரி சீவிய இரண்டு மரக்கட்டைகளைத் தச்சரிடம் வாங்கி வைத்துக்கொண்டால் ஆயுளுக்கும் போதும். லாரிக்காரர்கள் கட்டை இல்லாமல் வண்டி எடுப்பதில்லை.

9. முதலில் தளர்த்து, பிறகு தூக்கு

சக்கரம் தரையில் ஊன்றி நிற்கும்போதே எல்லா நட்டையும் அரைச் சுற்று தளர்த்த வேண்டும். தூக்கிய பிறகு முயன்றால் சக்கரமும் சேர்ந்து சுற்றும், வண்டியும் ஆடும். ஸ்பேனரை நட்டில் முழுதாகப் பொருத்தி, பிடி உங்களுக்கு இடப்பக்கம் படுத்திருக்குமாறு வைத்துக் கீழே அழுத்துங்கள். கையால் முடியாவிட்டால் காரைப் பிடித்துக்கொண்டு பாதத்தால் மெல்ல மிதித்து அழுத்தலாம். குதிக்கக் கூடாது.

10. ஜாக்கி வைக்கும் இடம்

கதவுக்குக் கீழே காரின் அடிவிளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். முன்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னாலும், பின்சக்கரத்துக்குச் சற்று முன்னாலும் இரண்டிரண்டு சிறு வெட்டுகள் தட்டுப்படும். மாற்றப்போகும் சக்கரத்துக்கு அருகில் உள்ள இரண்டு வெட்டுக்கும் நடுவில் ஜாக்கியின் தலைக் குழி உட்கார வேண்டும். வேறு எங்கே வைத்தாலும் தகடு மடங்கும்.

மண் தரை என்றால் ஜாக்கிக்கு அடியில் ஒரு தடித்த பலகை வேண்டும். மழை பெய்த கரிசலில் பலகை இல்லாமல் ஜாக்கி போட்டால், கார் மேலே வருவதற்குப் பதில் ஜாக்கி கீழே போகும். வீட்டில் பழைய அருவாமனைப் பலகை கிடந்தால் அதுவே போதும்.

சக்கரம் தரையைவிட்டு நான்கு விரல்கடை எழும்பினால் போதும். காற்று நிறைந்த ஸ்டெப்னி, தட்டையான டயரைவிட உயரமாக இருக்கும் என்பதற்காகத்தான் அந்த இடைவெளி. வண்டிக்கு அடியில் தலையோ கையோ போகக் கூடாது. கழற்றும் வரை ஸ்டெப்னியையும், கழற்றிய பிறகு பஞ்சரான சக்கரத்தையும் காரின் அடிவிளிம்புக்குக் கீழே படுக்க வைத்துவிடுங்கள். ஜாக்கி சறுக்கினாலும் வண்டி அதன் மேல்தான் உட்காரும்.

11. நட்டெல்லாம் எடுத்தும் சக்கரம் வரவில்லையா?

துரு பிடித்து ஒட்டியிருக்கும். சக்கரத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்து டயரின் இடப்பக்கத்தை ஒரு முறை, வலப்பக்கத்தை ஒரு முறை குதிகாலால் உதையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் நட்டுகளை இரண்டு மூன்று சுற்று மட்டும் மாட்டி, ஜாக்கியை இறக்கிக் காரின் எடையைச் சக்கரத்தின் மேல் விடுங்கள். பெரும்பாலும் 'டொக்' என்று விட்டுக்கொடுத்துவிடும்.

12. மாட்டும்போது

நட்டின் சரிந்த முனை சக்கரத்தைப் பார்த்து இருக்க வேண்டும். எல்லாவற்றையும் முதலில் விரலால் திருகுங்கள். விரலுக்குத் தடையில்லாமல் ஏறினால்தான் மரை சரியாகப் பிடித்திருக்கிறது. பிறகு வரிசையாக இறுக்காமல், ஒன்றை இறுக்கியதும் அதற்கு எதிரே உள்ளதை இறுக்குங்கள். ஐந்து நட்டு என்றால் நட்சத்திரக் கோலம் போடுகிற வரிசை. ஜாக்கியை இறக்கித் தரையில் நின்ற பிறகு அதே வரிசையில் இன்னொரு முறை கையால் நன்றாக இறுக்குங்கள். மரையில் தேங்காய் எண்ணெய், கிரீஸ் எதுவும் தடவாதீர்கள். அடுத்த முறை எளிதாகக் கழலும் என்று பலர் செய்கிறார்கள். எண்ணெய் பட்ட மரை அளவுக்கு மீறி இறுகிப் போல்ட்டை இழுத்துவிடும்.

13. நட்டெல்லாம் புல்லில் விழுந்து தொலைந்தால்

மற்ற மூன்று சக்கரத்திலிருந்தும் ஒவ்வொன்று கழற்றி இதற்கு மாட்டுங்கள். பக்கத்தில் இருக்கும் கடை வரை மெதுவாகப் போய்ச் சேரலாம். கழற்றும் நட்டுகளை ஒரு துண்டில் முடிந்து வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

14. மாற்றிய பிறகு

ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். ஒல்லியான தற்காலிகச் சக்கரம் என்றால் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. அதை வைத்துக்கொண்டு ஓசூர், பெங்களூரு என்று ஓடாதீர்கள்.

15. பேட்டரி காருக்கும் இதே வேலைதான், சில வித்தியாசங்களோடு

வண்டலூர் பூங்காவிலும் சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்திலும் முதியவர்களை ஏற்றிச் செல்லும் பேட்டரி கார்களைப் பார்த்திருப்பீர்கள். கோல்ஃப் மைதானத்துக்காக வந்த வண்டி அது. இப்போது கல்லூரி வளாகம், மருத்துவமனை, தோட்ட வீடு என்று பல இடங்களில் ஓடுகிறது. ஓட்டுபவருக்குப் பஞ்சர் வேலை தெரியாவிட்டால் பல நாள் ஷெட்டிலேயே நின்றுவிடும்.

முதலில் எல்லோரையும் இறக்குங்கள். சாவியை அணைத்து எடுங்கள். பல வண்டிகளில் சீட்டுக்கு அடியில் ஓட்டுவதற்கும் கட்டி இழுப்பதற்கும் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதை இழுக்கும் நிலைக்கு மாற்றினால் மோட்டார் தவறிக்கூட ஓடாது, ஆனால் வண்டி உருளலாம். பார்க்கிங் பிரேக்கை மிதித்துப் பூட்டுங்கள். இந்த வண்டிகள் பலவற்றில் பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும்தான், ஆகவே முன்சக்கரத்துக்குக் கட்டை போட மறக்கவே கூடாது. ஜாக்கியை ஃபைபர் உடம்பில் வைத்தால் உடைந்துவிடும். பின்சக்கரம் என்றால் பின் அச்சுக்கு அடியிலும், முன்சக்கரம் என்றால் சேஸிஸ் இரும்புச் சட்டத்திலும் வையுங்கள். லெட் ஆசிட் பேட்டரி உள்ள வண்டியை அதிகம் சாய்க்காதீர்கள், அமிலம் வழியும்.

காற்று விஷயத்தில்தான் தவறு நடக்கிறது. கார் டயருக்குப் பிடிக்கிற 32 பவுண்டை இதற்கும் பிடித்துவிடுகிறார்கள். இந்தக் குட்டை டயர்களுக்குப் பெரும்பாலும் 20 பவுண்டு அளவே போதும். பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் பார்த்துச் சொல்லுங்கள். இந்த வண்டிகளுக்கு ஸ்டெப்னி வருவதில்லை. வளாகத்துக்கு ஒன்று தனியாக வாங்கி ஷெட்டில் தொங்கவிட்டால் போதும்.

16. முள்ளும் வயதும்

சீமைக்கருவேல முள் ஏறிய டயரில் ஒரேயடியாகக் காற்று இறங்காது. இரண்டு மூன்று நாளில் மெல்லக் குறையும். ஒரு சக்கரம் மட்டும் அடிக்கடி குறைந்தால் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குமிழி வருகிறதா பாருங்கள். டியூப்லெஸ் டயரில் ஆணியைக் கண்டால் நடுவழியில் பிடுங்காதீர்கள். அந்த ஆணிதான் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறது. காற்று பிடித்துக்கொண்டு கடை வரை போய்விடலாம்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. டயர் தரையில் உருளும் பாகத்தின் பள்ளங்களுக்கு நடுவே சின்னச் சின்ன மேடுகள் இருக்கும், உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும்.

17. டிக்கியில் ஒரு பை

மரக்கட்டை இரண்டு, பலகை ஒன்று, இரும்புக் குழாய், தலையில் மாட்டும் டார்ச், பழைய துண்டு, ரப்பர் பூசிய கையுறை, காற்று பார்க்கும் மீட்டர், தண்ணீர் பாட்டில். செல்போன் டார்ச்சை நம்பாதீர்கள். அதைப் பிடிக்க ஒரு கை போய்விடும். சேலை கட்டி ஓட்டுபவர்கள் இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு பழைய ஏப்ரனும் வைத்துக்கொள்ளுங்கள், முந்தானை ஜாக்கிக் கம்பியில் சுற்றாமல் இருக்கும்.

18. மறுநாளே பஞ்சர் கடைக்கு

மாற்றியாயிற்று என்று பஞ்சரான சக்கரத்தை டிக்கியிலேயே விட்டுவிடாதீர்கள். மறுநாள் காலை கடைக்குக் கொண்டு போங்கள். காற்றில்லாமல் உருண்டு வந்த டயர் என்றால், வெளியிலிருந்து குச்சி மாதிரித் திரி சொருகி அனுப்ப விடாமல், ரிம்மிலிருந்து கழற்றி உள்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே ரப்பர் தூளாகக் கொட்டினால் அந்த டயர் முடிந்துவிட்டது. நன்றாக இருந்தால் உள்ளேயிருந்து ஒட்டும் பேட்ச் நீண்ட நாள் நிற்கும். பக்கவாட்டில் ஓட்டை என்றால் எந்த ஒட்டும் ஒட்டாதீர்கள். சரிசெய்த சக்கரத்தைப் பழைய இடத்தில் மாட்டி, ஸ்டெப்னிக்குக் காற்று பார்த்து டிக்கியில் வைத்து, நட்டை நீங்களே கையால் இறுக்கிவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.